மின்காந்தக் கவசம்: கணினியிடம் எதைக் கேட்பது?

சமையலறை அலுமினியத் தாளைக் கைபேசியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, வேறொரு போனிலிருந்து அந்த எண்ணை அழைத்துப் பாருங்கள். பெரும்பாலும் மணி அடிக்கும். அடுத்து, தாளின் ஓரங்களை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து, இடுக்கே இல்லாமல் அழுத்தி மூடிவிட்டு மறுபடி அழையுங்கள். இந்த முறை ‘தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்’ என்ற குரலைக் கேட்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு முறையும் அதே தாள், அதே தடிமன். மாறியது ஓரத்து இடுக்கு மட்டும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். அதில் பாதி 16 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு கைபேசியின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அரை அலைநீளத்துக்கு ஒரு பிளவு கிடைத்தால், அது மயிரிழை அகலமே இருந்தாலும், அலை அதன் வழியே தாராளமாக நுழையும். பிளவே ஆன்டெனாவாகிவிடுகிறது.

கடத்தும் உறை ஒன்று உள்ளே இருப்பதை வெளி மின்புலத்திலிருந்து காக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1836ல் லண்டனில் செய்து காட்டினார். இன்று கைபேசியைப் பிரித்தால் அதன் போர்டில் சின்னச் சின்ன உலோக மூடிகள் சாலிடர் செய்யப்பட்டிருக்கும். ரிப்பேர் கடையில் ‘ஷீல்டு’ என்பார்கள். வெள்ளீயம் பூசிய எஃகோ, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகமோதான் அது. ஃபாரடேயின் கூண்டு விரல்நக அளவுக்குச் சுருங்கியிருக்கிறது, அவ்வளவே.

இந்த மூடிகள் எதற்கு என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. யுஎஸ்பி 3.0 வந்த புதிதில், வேகமான பென்டிரைவையோ ஹார்டு டிஸ்கையோ செருகியதும் பக்கத்தில் இருந்த வயர்லெஸ் மவுஸ் தடுமாறியது. வைஃபை வேகமும் விழுந்தது. 2012ல் இன்டெல் வெளியிட்ட அறிக்கை காரணத்தை விளக்கியது. விநாடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் தரவு ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் விழுகிறது. மவுஸும் வைஃபையும் அதே பட்டையில்தான் பேசுகின்றன. செருகும் வாயையும் சாதனத்தையும் நன்றாகக் கவசமிட்டால் தொல்லை குறையும் என்று அந்த அறிக்கை காட்டியது. ஒரு கருவியின் சாதாரண வேலையே அடுத்த கருவிக்கு இடைஞ்சலாகிறது. சாதனங்கள் சிறுத்து வேகம் கூடக்கூட இந்த இடைஞ்சலும் கூடும்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் உலோகத்தால் மூடிவிடலாமே? 1 ஜிகாஹெர்ட்ஸில் அலை அலுமினியத்துக்குள் 2.6 மைக்ரோமீட்டர் போவதற்குள் அதன் வீச்சு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான அளவாகத் தேய்ந்துவிடும். சமையலறைத் தாளின் தடிமன் சுமார் 10 முதல் 15 மைக்ரோமீட்டர். தடுப்பதற்கு அதுவே தாராளம். ஆனால் உலோகம் கனம், மடக்கினால் உடையும், துருப்பிடிக்கும், அதன் வழியே பார்க்க முடியாது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, உலோகம் தன்மேல் விழும் அலையைப் பெரும்பாலும் விழுங்குவதில்லை, கண்ணாடி போலத் திருப்பி அனுப்புகிறது. மூடிக்குள் அடைபட்ட இரைச்சல் உள்ளேயே மோதி மோதிப் பக்கத்துச் சிப்பைப் பாதிக்கும். கார்களில் முன்னால் வரும் வண்டியைக் கண்காணிக்கும் 77 ஜிகாஹெர்ட்ஸ் ரேடாருக்குப் பக்கத்தில் பளபளவென்று பிரதிபலிக்கும் தகட்டை வைத்தால், அதில் பட்டுத் திரும்பும் அலை ரேடாரையே குழப்பும். அதனால்தான் மெலிதான, வளையக்கூடிய, முடிந்தவரை அலையை உறிஞ்சிக்கொள்ளும் பொருளைத் தேடுகிறார்கள். இந்தத் தேடலில்தான் கடந்த சில ஆண்டுகளாக இயந்திரக் கற்றல், அதாவது தரவிலிருந்து தானே கற்று ஊகிக்கும் கணினி முறை, சேர்ந்திருக்கிறது.

அதன் பலனைப் பேசுவதற்கு முன், அது தேவைப்படாத இடம் ஒன்றைக் காட்டிவிடுகிறேன். பல செய்திக் குறிப்புகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

கவசத் திறனை டெசிபலில் அளக்கிறோம். 20 டெசிபல் என்றால் ஆற்றலில் நூறில் ஒரு பங்குதான் ஊடுருவும். 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. 60 என்றால் பத்து லட்சத்தில் ஒன்று. அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் 2011ல் ‘மேக்ஸீன்’ என்ற பொருள் வகையைக் கண்டுபிடித்தார்கள். டைட்டானியம், அலுமினியம், கார்பன் அடுக்குகள் கொண்ட ஒரு சேர்மத்திலிருந்து அலுமினியத்தை மட்டும் அமிலத்தால் கரைத்து எடுத்தால் எஞ்சுகிற மெல்லிய ஏடுகள் அவை. 2016ல் அதே குழுவினரும் தென்கொரிய ஆய்வாளர்களும் சேர்ந்து ‘சயின்ஸ்’ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: 45 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள டைட்டானியம் கார்பைடு மேக்ஸீன் படலம் 92 டெசிபல் தடுத்தது. இந்தத் துறையின் கவனத்தையே திருப்பிய எண் அது. 2020ல் கார்பைடுக்குப் பதில் கார்போநைட்ரைடை எடுத்து, சூடேற்றிப் பதப்படுத்தி, 40 மைக்ரோமீட்டரில் 116 டெசிபல் வரை கொண்டுபோனார்கள்.

அந்த 92ஐ முன்கூட்டியே சொல்லியிருக்க முடியுமா? முடியும். பெல் ஆய்வகத்தின் செர்கெய் ஷெல்குனாஃப் உருவாக்கிய கோட்பாட்டிலிருந்து வந்த ஓர் எளிய சூத்திரம் இருக்கிறது. அதற்குக் கடத்துதிறன் (பொருள் எவ்வளவு எளிதாக மின்சாரத்தைக் கடத்தும் என்ற அளவு), தடிமன், அதிர்வெண் ஆகிய மூன்றைக் கொடுத்தால் போதும். அந்தப் படலத்தின் கடத்துதிறன் சென்டிமீட்டருக்குச் சுமார் 4600 சீமென்ஸ். 10 ஜிகாஹெர்ட்ஸுக்கு நான் போட்டுப் பார்த்தபோது சுமார் 98 டெசிபல் வந்தது. அளந்தது 92. ஒரு தாளும் பேனாவும் இவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோய் விடும்போது, சீரான படலத்துக்கு நரம்பியல் வலையமைப்பு போன்ற இயந்திரக் கற்றல் கருவி தேவையில்லை. 2020ன் 116 டெசிபல் இன்னும் சுவாரசியமானது. கார்போநைட்ரைடின் கடத்துதிறன் கார்பைடைவிடக் குறைவு. சூத்திரம் குறைவாகத்தான் சொல்லியிருக்கும். அளவீடு கூடுதலாகக் காட்டியது. விளக்கம் படலத்தின் உள் அமைப்பில் இருந்தது. அதாவது சூத்திரம் எங்கே தோற்கிறதோ அங்கேதான் புதிதாகக் கற்க ஏதோ இருக்கிறது.

அப்படித் தோற்கும் இடங்களில் பெரியது கலப்புப் பொருள். பிளாஸ்டிக்கில் கார்பன் நானோகுழாய்களைக் கலக்கிறோம் என்று வையுங்கள். கொஞ்சம் போட்டால் ஒன்றும் நடக்காது. குழாய்கள் தனித்தனித் தீவுகளாகக் கிடக்கும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் ஒன்றையொன்று தொட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பாதை திறந்துவிடும். கடத்துதிறன் பல லட்சம் மடங்கு எகிறும். அந்த எல்லை எங்கே என்பது குழாயின் நீளம், எவ்வளவு நேரம் கலக்கினார்கள், எந்தக் கரைப்பான், எந்தச் சூட்டில் இறுகவிட்டார்கள் என்று எல்லாவற்றையும் பொறுத்தது. இதே கலவையை நுரைபோலப் பொங்கவைத்தால் நுண்துளையின் அளவும் சேர்ந்துகொள்ளும். மின்காந்த அலைகளை விவரிக்கும் மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளில் குறை ஒன்றும் இல்லை. செய்முறையிலிருந்து கடத்துதிறனுக்குப் போகும் பாதைக்குத்தான் சூத்திரம் கிடையாது.

எண்ணிப் பாருங்கள். கலக்கும் பொருளில் 5 வகை, அளவில் 10 படி, கலக்கும் நேரத்தில் 4, வெப்பத்தில் 5, தடிமனில் 6, நுண்துளையில் 4. பெருக்கினால் 24,000 செய்முறைகள். ஒரு நாளைக்கு இரண்டு மாதிரி செய்து அளந்தால்கூட 12,000 நாள், ஏறக்குறைய 33 ஆண்டுகள். ஓர் ஆய்வு மாணவருக்கு முனைவர் பட்டக் காலத்தில் நூறு, இருநூறு மாதிரிகள்தான் கைக்கு வரும். அந்த நூறை எங்கே செலவழிப்பது?

இதற்கு இத்துறையில் அதிகம் கைகொடுப்பது பெரிய நரம்பியல் வலையமைப்புகள் அல்ல. காஸியன் முறை என்ற, வயதில் மூத்த, அடக்கமான கருவிதான். ஊரில் ஆழ்துளைக் கிணறு போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பத்து இடத்தில் போட்டிருக்கிறார்கள். எந்த ஆழத்தில் தண்ணீர் வந்தது என்று தெரியும். நல்ல கிணற்றுக்குப் பக்கத்தில் போட்டால் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பலாம், ஆனால் அதைவிட நல்ல ஊற்று தெரிய வராது. யாரும் தோண்டாத மூலையில் போட்டால் ஏமாறலாம், பெரிய ஊற்றும் கிடைக்கலாம். காஸியன் மாடல் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு எண் தரும்: எவ்வளவு எதிர்பார்க்கலாம், அந்த எதிர்பார்ப்பை எவ்வளவு நம்பலாம். இரண்டையும் எடைபோட்டு அடுத்த மாதிரியைத் தேர்ந்தெடுக்கிறோம், செய்து அளக்கிறோம், முடிவை மாடலுக்கே திருப்பிக் கொடுக்கிறோம். இதற்கு பேய்சியன் தேடல் என்று பெயர். நூறு கிணற்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

ஒளி ஊடுருவும் கவசங்களில் இந்த வழி நன்றாகவே எடுபட்டிருக்கிறது. திரைக்கோ ஜன்னலுக்கோ வேண்டிய படலம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட வேண்டும், ரேடியோ அலையைத் தடுக்க வேண்டும். உலோக அடுக்கைத் தடிப்பாக்கினால் தடுப்பு கூடும், தெளிவு குறையும். 2022ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேய்சியன் தேடலைப் பயன்படுத்தி இத்தகைய நுண்ணடுக்குப் படலங்களை வடிவமைத்தார்கள். இங்கே ஒரு வசதி உண்டு. அடுக்குகளின் தடிமனும் ஒளியியல் பண்பும் தெரிந்தால், எவ்வளவு ஒளி போகும், எவ்வளவு அலை நிற்கும் என்பதை இயற்பியல் நம்பகமாகவே கணக்கிட்டுவிடும். கணினி நூற்றுக்கணக்கில் முயன்று பார்க்கலாம்; ஆய்வகத்தில் சிலவற்றைச் செய்தால் போதும். அப்படிக் கணக்கிட வழியில்லாத கலப்புப் பொருளுக்கு, மாடல் பிறர் அளந்து வைத்த தரவை நம்பித்தான் இருக்கிறது. சிக்கல் அங்கே தொடங்குகிறது.

உறிஞ்சியதா, திருப்பியதா?

ஒரு மாதிரியின் மேல் அலை விழுகிறது. நூறு பங்கில் 95 திரும்பிவிடுகிறது என்று வைப்போம். மிச்சம் 5 உள்ளே போகிறது. அந்த ஐந்தில் கிட்டத்தட்ட முழுவதும் உள்ளேயே வெப்பமாகி, மறுபக்கம் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் வெளியேறுகிறது. மொத்தத் தடுப்பு 60 டெசிபல். வழக்கமான சூத்திரத்தில் போட்டால் பிரதிபலிப்பின் பங்கு 13 டெசிபல், உறிஞ்சலின் பங்கு 47 டெசிபல் என்று வரும். கட்டுரையில் ‘உறிஞ்சலே முதன்மையான வழி’ என்று எழுதிவிடுவார்கள். பார்த்தால் சரி என்றே தோன்றும். ஆனால் வந்த ஆற்றலில் 95 சதவீதம் வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறது!

கணக்கில் பிழை இல்லை. அந்த 47 டெசிபல் சொல்வது, உள்ளே நுழைந்ததில் எத்தனை பங்கு மடிந்தது என்பதை. வந்ததில் எத்தனை பங்கு மடிந்தது என்பது வேறு கேள்வி. அதன் விடை 5 சதவீதம். மனிதர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதிய கட்டுரைகளிலிருந்து எண்களைத் திரட்டி மாடலுக்கு ஊட்டினால், ‘உறிஞ்சும் பொருள் கொடு’ என்று கேட்டதற்கு அது நல்ல கண்ணாடியைத் தேர்ந்தெடுத்துத் தரும். மொத்த டெசிபலை மட்டும் இலக்காக வைத்தாலும் இதே கதைதான். டெசிபலை உயர்த்த மிக எளிய வழி கடத்துதிறனை உயர்த்துவது. அது போய் முடிகிற இடம் உலோகத் தகடு. எதிலிருந்து தப்பிக்கக் கிளம்பினோமோ அதையே கணினி கொண்டுவந்து வைக்கும். கேள்வியை மாற்ற வேண்டும்: உறிஞ்சிய பங்கைத் திருப்பிய பங்கால் வகுத்து வரும் எண்ணை ஓர் இலக்காகவும், மொத்தத் தடுப்பு 20 அல்லது 30 டெசிபலுக்குக் கீழே போகக்கூடாது என்பதை நிபந்தனையாகவும், தடிமனையும் எடையையும் தனி இலக்குகளாகவும் வைக்க வேண்டும். ஒரே ‘சிறந்த’ பொருள் அப்போது கிடைக்காது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று எவ்வளவு குறையும் என்று காட்டும் ஒரு கோடு கிடைக்கும். கோட்டில் எங்கே நிற்பது என்பதைக் காருக்குச் செய்பவரும் கைக்கடிகாரத்துக்குச் செய்பவரும் அவரவர் தேவைக்கு முடிவு செய்துகொள்ளலாம்.

அளவீடுகளிலும் ஒரு பெரிய சாய்வு இருக்கிறது. வெளியான எண்களில் பெரும்பகுதி 8.2 முதல் 12.4 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான எக்ஸ் பட்டையில் அளந்தவை. அந்தப் பட்டையில் அலையை வழிநடத்தும் உலோகக் குழாயான அலைக்குழாயின் வாய் 22.86க்கு 10.16 மில்லிமீட்டர், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய துண்டு வெட்டினால் போதும், அளந்துவிடலாம். வசதிக்காக வந்த பழக்கம் அது. 3.5 ஜிகாஹெர்ட்ஸ் 5ஜி பட்டைக்கும் 77 ஜிகாஹெர்ட்ஸ் கார் ரேடாருக்கும் கிடைக்கும் எண்கள் மிகக் குறைவு. எக்ஸ் பட்டையில் பயின்ற மாடல் 77 ஜிகாஹெர்ட்ஸ் பற்றிச் சொல்வது வெறும் ஊகம்தான். அத்துடன் துண்டுக்குக் கிடைத்த எண் முழுக் கருவிக்குப் பொருந்தாது. மூட்டும் இடுக்கும் திருகு துளையும் சேர்ந்தால் கதை மாறிவிடும் என்பதை அலுமினியத் தாளிலேயே பார்த்தோம். அதனால்தான் முழுக் கருவிகளை, ரேடியோ அலை சுவரில் பட்டுத் திரும்பாத எதிரொலியற்ற அறைகளில் வைத்துச் சோதிக்கிறார்கள். சென்னை தரமணியில் உள்ள, மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சமீரின் மையத்தில் இத்தகைய மின்காந்த இணக்கச் சோதனைகள் (ஒரு கருவி மற்றதற்கு இடைஞ்சல் தராமல் இயங்குகிறதா என்ற சோதனைகள்) நடக்கின்றன.

இன்னொரு பொறி, மாடலைச் சோதிக்கும் விதத்திலேயே இருக்கிறது. ஒரு மாதிரியை 200 அதிர்வெண்களில் அளந்தால் 200 வரிகள் கிடைக்கும். பத்து மாதிரி என்றால் 2000 வரி. பெரிய தரவு போலத் தெரியும். அதைக் கலைத்துப் போட்டு எண்பது சதவீதத்தில் பயிற்றுவித்து, மிச்சத்தில் சோதித்தால் மாடல் பிரமாதமாகத் தேறும். தேறாமல் என்ன செய்யும்? 10.0 ஜிகாஹெர்ட்ஸின் விடை பயிற்சியில் இருக்கிறது; 10.02ன் விடையைத்தான் தேர்வில் கேட்கிறோம். உண்மையில் கையில் இருப்பது பத்துத் தகவல்கள்தான். ஒரு மாதிரியை முழுக்க ஒதுக்கி வைத்து, இன்னும் நல்லது ஓர் ஆய்வகத்தின் மாதிரிகளையே முழுக்க ஒதுக்கி வைத்துச் சோதித்தால்தான் மாடலின் உண்மையான தரம் தெரியும். 99 சதவீதத் துல்லியம் என்று எங்காவது படித்தால், தரவை எப்படிப் பிரித்தார்கள் என்பதை முதலில் தேடுங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன்.

தோற்றுப்போன மாதிரிகள் அச்சுக்கு வராததும் பெரிய இழப்பு. கலவை திரண்டுவிட்டது, படலம் விரிசல் விட்டது, வெறும் 4 டெசிபல்தான் வந்தது என்பவை நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிடுகின்றன. வறண்ட கிணறுகளைப் பற்றி யாரும் சொல்லாவிட்டால், ஊர் முழுக்கத் தண்ணீர் இருப்பதாகத்தானே மாடல் நினைக்கும்?

இவ்வளவு குறைகளுக்கு நடுவே எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் வழி ஒன்று உண்டு. மாடலிடம் டெசிபலைக் கேட்கவே கூடாது. செய்முறையைக் கொடுத்து, பொருளின் உள்ளார்ந்த பண்புகளான மின்விடுதிறன் (மின்புலத்துக்கு எப்படி இசைகிறது), காந்த உட்புகுதிறன் (காந்தப்புலத்துக்கு எப்படி இசைகிறது), கடத்துதிறன் ஆகியவற்றை மட்டும் ஊகிக்கச் சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம் மேக்ஸ்வெல் பார்த்துக்கொள்வார். தடிமனை மாற்றினால் என்ன ஆகும், இரண்டு அடுக்கை மாற்றி அடுக்கினால் என்ன ஆகும் என்பதெல்லாம் துல்லியமாகக் கணக்கிடக் கூடியவை. ஏற்கெனவே தெரிந்த இயற்பியலை நூறு மாதிரிகளிலிருந்து மறுபடி கற்கச் சொல்வது அந்த நூறு மாதிரிகளை வீணாக்குவது.

தலைகீழாகத் தேடும்போதும், அதாவது ‘இந்தத் திறன் வேண்டும், வடிவம் சொல்’ என்று கேட்கும்போதும், இயற்பியல்தான் காவலாக நிற்க வேண்டும். மேற்பரப்பில் உலோகக் கட்டங்களை வரைந்து அலையை உறிஞ்சவைக்கும் வடிவங்கள் இருக்கின்றன. 16க்கு 16 கட்டத்தில், சமச்சீருக்காகக் கால் பகுதியை மட்டும் எடுத்தாலும் 64 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் உலோகம் உண்டு அல்லது இல்லை. இரண்டின் 64ஆம் அடுக்கு என்பது எந்தக் கணினியும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க முடியாத தொகை. இங்கே நரம்பியல் வலையமைப்புகளும், வடிவங்களைக் கலந்து மாற்றி நல்லதைத் தேர்ந்தெடுக்கும் மரபணு வழிமுறைகளும் மனிதக் கைக்கு வராத வடிவங்களைக் கண்டுபிடிக்கின்றன. சில நேரம் நம்பவே முடியாத அளவுக்கு மெலிதான ஒன்றையும் நீட்டும். அப்போது 2000ல் ரொசானோவ் என்ற ரஷ்ய இயற்பியலாளர் நிறுவிய எல்லையை எடுத்துப் பார்க்க வேண்டும். உலோகத் தகட்டின் மேல் ஒட்டும் உறிஞ்சி, எவ்வளவு அகலமான பட்டையை விழுங்க வேண்டுமோ அதற்கு ஏற்ற குறைந்தபட்சத் தடிமன் இருந்தே தீர வேண்டும் என்பது அது. காந்தத் தன்மை இல்லாத பொருள் 2 முதல் 18 ஜிகாஹெர்ட்ஸ் வரை 90 சதவீதம் உறிஞ்ச வேண்டுமானால் சுமார் 7.8 மில்லிமீட்டர் வேண்டும். எக்ஸ் பட்டைக்கு மட்டும் என்றால் 0.7 மில்லிமீட்டர் சொச்சம் போதும். மாடல் 2 முதல் 18க்கு 3 மில்லிமீட்டரில் விடை தந்தால், கொண்டாட வேண்டாம். சிமுலேஷனில் எங்கே பிழை என்று தேட வேண்டும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மேக்ஸீன் ஏடுகள் ஈரத்திலும் காற்றிலும் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து டைட்டானியம் டை ஆக்சைடாக மாறுகின்றன, கடத்துதிறன் விழுகிறது. இன்று 60 டெசிபல் தடுக்கும் படலம் மூன்று மழைக்காலம் தாண்டியும் அதே அளவு தடுக்குமா என்பதற்குத் தரவு மிகச் சொற்பம். மின்னணுத் துறை இதற்கு வைத்திருக்கும் வழக்கமான சோதனை 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம். கிட்டத்தட்ட 42 நாள். அந்தப் பெட்டிக்குள் ஒரு தடவைக்குச் சில டஜன் மாதிரிகள்தான் வைக்க முடியும். எந்த மாதிரிகளை வைத்தால் அதிகம் தெரிந்துகொள்ளலாம் என்று காஸியன் மாடல் சொல்லும். வைத்துவிட்டு 42 நாளும் காத்திருந்து, 43ஆம் நாள் எடுத்து அளந்து, கெட்டுப்போனவற்றின் எண்ணையும் சேர்த்தே அட்டவணையில் எழுத வேண்டும்.